‘மேக் போட்டுத் தருகிறேன்’ என்கிறார் கடைக்காரர்: முன்பணம் கொடுத்துவிட்ட வீடியோ எடிட்டருக்கு ஒரு பதில்

கொங்குப் பகுதியின் சிறு நகரம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 29. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். இத்தனை வருடம் ஒரு ஸ்டுடியோவில் ஆப்பிளின் ஐமேக் கம்ப்யூட்டரில், மேக்கில் மட்டுமே ஓடும் ஃபைனல் கட் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளை வைத்து வேலை பார்த்தவர், இப்போது கடன் வாங்கிச் சொந்தமாகத் தொழில் தொடங்குகிறார். தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவர், ‘ஆப்பிள் மெஷின் வாங்கினால் காசு வீண், அதைவிட வேகமான சிஸ்டத்தை நானே அசெம்பிள் பண்ணி மேக் போட்டுத் தருகிறேன்’ (அதாவது ஆப்பிளின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸை நிறுவித் தருகிறேன்) என்று சொல்லி 1,18,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அதன் நகலையும் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார் இந்தச் சகோதரி. இன்டெல் கோர் ஐ7-14700, 32 ஜிபி ராம், என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060, 1 டிபி எஸ்எஸ்டி என்று வரிசையாகப் போட்டுக் கடைசி வரியில் ‘மேக்ஓஎஸ் இன்ஸ்டலேஷன், ஓப்பன்கோர் லைசென்ஸ் உட்பட: 6,000’ என்றிருக்கிறது. அடியில் சின்ன எழுத்தில், ‘அட்வான்ஸ் திருப்பித் தரப்படாது’. 25,000 ரூபாய் கொடுத்தாயிற்று. பாகங்கள் இன்னும் வரவில்லை.

அவருடைய கேள்விகள் இவை. மேக்ஓஎஸ்ஸை ஆப்பிளே இலவசமாகத்தானே கொடுக்கிறது, போட்டுக்கொள்வதில் என்ன தப்பு? உரிம ஒப்பந்தத்தில் ஆப்பிள் பெயர் உள்ள கம்ப்யூட்டர் என்றுதான் இருக்கிறதாம், கேபினட்டில் ஆப்பிள் ஸ்டிக்கர் ஒட்டினால் சரியாகிவிடும் என்கிறார் கடைக்காரர், உண்மையா? மற்ற ஸ்டுடியோக்களுக்கும் இதே போல் கட்டிக் கொடுத்தால் ஆளுக்குப் பாதி கமிஷன் என்கிறார், சேரலாமா? வேண்டாமென்றால் முன்பணம் வருமா? கல்லூரியில் படிக்கும் தம்பி வீட்டில் ஒரு பழைய சிஸ்டத்தில் தானே மேக் போட்டு வைத்திருக்கிறான், அவனுக்கு ஏதாவது வருமா?

அன்புச் சகோதரி, இந்தக் கொட்டேஷனை இப்படியே ஏற்காதீர்கள். பாகங்கள் வருவதற்குள் எழுத்து மூலமாக நிறுத்திவிடுங்கள். இதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது, சட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டாவதைக் கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும், அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இலவசம்தான், ஆனால் நிபந்தனையோடு

2013 அக்டோபரில் மேவரிக்ஸ் என்ற பதிப்பு வந்ததிலிருந்து ஆப்பிள் தன் மேக் இயங்குதளத்துக்குப் பணம் வாங்குவதில்லை. இதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் பணம் வாங்காததால் உரிமை கைமாறிவிடாது. நிறுவும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று ஒரு பொத்தானை அழுத்துகிறோமே, அந்த ஒப்பந்தம்தான் அனுமதி. ஆப்பிள் முத்திரை கொண்ட, உங்களுக்குச் சொந்தமான அல்லது உங்கள் பொறுப்பில் உள்ள கம்ப்யூட்டரில் நிறுவலாம் என்று அது சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. ஆப்பிள் முத்திரை இல்லாத கம்ப்யூட்டரில் நிறுவவோ, பயன்படுத்தவோ, பிறர் அப்படிச் செய்ய உதவவோ மாட்டேன் என்று நம்மிடம் உறுதியும் வாங்கிக்கொள்கிறது. ‘பிறர் செய்ய உதவவோ’ என்ற சொற்களை நினைவில் வையுங்கள், கமிஷன் பேச்சு வரும்போது அது உங்களைத் தொடும்.

ஸ்டிக்கர் யோசனை இணையத்தில் பல வருடமாகச் சுற்றுகிறது. ஆப்பிள் முத்திரை கொண்ட கம்ப்யூட்டர் என்றால் ஆப்பிள் தன் பெயரில் தயாரித்து விற்ற கம்ப்யூட்டர் என்றுதான் எந்த நீதிமன்றமும் பொருள் கொள்ளும். ஸ்டிக்கரால் உங்களுக்கு நன்மை எதுவும் வராது. வேறு கேடுதான் வரும். அந்தக் கேபினட்டை ஆப்பிள் சின்னத்தோடு யாருக்காவது விற்றால் 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டம் தனியாக வந்து சேரும்.

‘ஓப்பன்கோர் லைசென்ஸ்’ என்று போட்டிருப்பதும் உங்களைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. ஓப்பன்கோர் என்பது சாதாரண கம்ப்யூட்டரில் மேக்ஓஎஸ் கிளம்புவதற்கு உதவும் பூட்லோடர். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய திறந்தமூல மென்பொருள். அதன் உரிமம் அதற்கு மட்டும்தான் பொருந்தும், ஆப்பிளின் மென்பொருளுக்கு எந்த அனுமதியும் அதிலிருந்து கிடைக்காது. 2020இல் ஒரு நிறுவனம் இந்தப் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டு மேக் போட்ட கம்ப்யூட்டர்களை விற்கக் கிளம்பியபோது, எங்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை என்று கண்டித்தவர்கள் ஓப்பன்கோரை எழுதியவர்களே.

நம் நாட்டுச் சட்டத்தில் இது எங்கே நிற்கிறது

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கம்ப்யூட்டர் நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வகையில்தான் வருகிறது. ஆகவே நகலெடுக்கும் உரிமை உரிமையாளருடையது. இதற்கு 52ஆம் பிரிவில் சில விலக்குகள் உண்டு. சட்டப்படி கையில் உள்ள பிரதியை, அது எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த நோக்கத்துக்காக நகலெடுக்கலாம். சட்டப்படி தானே பெற்ற பிரதியிலிருந்து, வணிகம் சாராத சொந்த உபயோகத்துக்கு நகலெடுக்கலாம், மாற்றியும் அமைக்கலாம். உங்கள் தம்பியைப் போன்றவர்களுக்காக ஒரு வழக்கறிஞர் நிற்கக்கூடிய இடம் இந்த இரண்டாவது விலக்குதான். ‘அவன் படிப்பதற்காக, தன் வீட்டில், தனக்காகச் செய்தான்’ என்று வாதிடலாம். ‘பிரதி சட்டப்படி பெறப்பட்டதே அல்ல, உரிமம் அனுமதித்தது ஆப்பிள் மெஷினுக்கு மட்டும்’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கிறது.

உங்களுக்கு அந்த இடம் இல்லை. கல்யாண வீட்டாரிடம் பணம் வாங்கிக்கொண்டு அந்த மெஷினில் எடிட் செய்கிற நாளிலிருந்து ‘வணிகம் சாராத’ என்ற சொல் உங்களைக் காப்பாற்றாது. 63பி பிரிவைப் பாருங்கள். அத்துமீறி எடுக்கப்பட்ட நிரல் பிரதி என்று தெரிந்தே அதைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் 7 நாளிலிருந்து 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தவில்லை என்றால் மட்டும், நீதிமன்றம் தக்க காரணங்களைப் பதிவுசெய்து சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். சட்டமே இந்த இடத்தில் வீட்டையும் கடையையும் பிரித்துப் பார்க்கிறது.

இன்னொன்று 65ஏ, 2012 திருத்தத்தில் வந்தது. பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு ஒரு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பது தனிக் குற்றம், 2 வருடம் வரை சிறை. மேக்ஓஎஸ்ஸில் அப்படி ஒரு பூட்டு இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இன்டெல் மேக்குகளுக்கான பதிப்பில் ஃபைண்டர், டாக் போன்ற முக்கிய நிரல்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். அவற்றைத் திறக்கும் சாவி ஆப்பிள் மதர்போர்டில் உள்ள ஒரு சில்லுக்குள் இருக்கிறது. அந்த வேலையைச் செய்யும் சிறு கோப்புக்கு ஆப்பிள் வைத்த பெயரே ‘டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்’. நீங்கள் கட்டப்போகும் சிஸ்டத்தில் அந்தச் சில்லு கிடையாது. இருப்பது போலக் காட்டுவதற்கு விர்ச்சுவல்எஸ்எம்சி என்ற இணைப்பை ஓப்பன்கோரோடு சேர்ப்பார்கள். அது போன்ற ஒன்று இல்லாமல் ஹாக்கிண்டாஷ், அதாவது மேக்ஓஎஸ் போட்ட ஆப்பிள் அல்லாத கம்ப்யூட்டர், ஓடாது. தெரியாமல் நடந்துவிட்டது என்று பிறகு சொல்வதற்கு இந்தக் கோப்பின் பெயர் இடம் கொடுக்காது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே போலீஸ் கதவைத் தட்டும் என்று பயப்பட வேண்டாம். ஆப்பிள் நீதிமன்றம் போனது இதை வியாபாரமாக்கியவர்கள் மேல். என் கவலை வேறு. போட்டித் தொழிலில் ஒருவர் புகார் கொடுத்தால் போதும். 63ஆம் பிரிவுக் குற்றம் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடியது, ஜாமீனில் விடமுடியாதது என்று 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சார்பு ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி, பிடியாணை இல்லாமலே பிரதிகளைக் கைப்பற்றலாம் என்கிறது 64ஆம் பிரிவு. வழக்கில் கடைசியில் நீங்கள் ஜெயித்தாலும், முகூர்த்த மாதத்தில் நாலு கல்யாணத்து ஃபுட்டேஜோடு உங்கள் சிபியு காவல் நிலையத்தில் கிடந்தால் அந்த வீட்டாருக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

கமிஷனுக்கு விற்பது: கண்டிப்பாகக் கூடாது

இந்த யோசனையை அமெரிக்காவில் ஒரு நிறுவனம் முழு வீச்சில் செய்து பார்த்திருக்கிறது. ஃப்ளோரிடாவைச் சேர்ந்த சைஸ்டார் 2008 ஏப்ரலில் சுமார் 400 டாலரிலிருந்து கம்ப்யூட்டர் விற்க ஆரம்பித்தது, கேட்டால் மேக் ஓஎஸ் எக்ஸ் போட்டுத் தருவோம் என்றது. அப்போது அந்த இயங்குதளம் கடையில் பெட்டியில் விலைக்குக் கிடைத்தது. சைஸ்டார் அந்தப் பெட்டியை வாங்கி, மெஷினோடு சேர்த்தே வாடிக்கையாளருக்குக் கொடுத்தது. உங்கள் கடைக்காரர் அந்த அளவுக்குக்கூடச் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. காசு கொடுத்து வாங்கிய பிரதியை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று சைஸ்டார் வாதிட்டது. ஆனால் மெஷினுக்குள் இருந்தது பெட்டியில் வந்த பிரதி இல்லை. ஒரு மேக் மினியில் நிறுவி, அதை வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றி, தங்கள் பூட்லோடரையும் இணைப்புகளையும் சேர்த்து, அப்படித் தயாரித்த ஒரே டிஸ்க் நகலை எல்லா மெஷின்களிலும் இறக்கியிருந்தார்கள். கூடவே கொடுத்த பெட்டி அதனால் அவர்களைக் காப்பாற்றவில்லை. நகலெடுத்தது, விநியோகித்தது, மாற்றியமைத்தது, பூட்டை உடைத்தது என்று எல்லாவற்றிலும் 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் ஆப்பிள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். டிசம்பரில் நிரந்தரத் தடை. சுமார் 27 லட்சம் டாலர் கொடுப்பதாக சைஸ்டார் சமரசம் செய்துகொண்டது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 செப்டம்பரில் தீர்ப்பை உறுதிசெய்தது, 2012இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கைக் கையிலெடுக்கவே மறுத்தது.

அது அமெரிக்கத் தீர்ப்பு, இங்கே கட்டுப்படுத்தாது என்பது உண்மை. ஆனால் உங்கள் கடைக்காரர் செய்வதும் அதேதான். ஒரு பென்டிரைவில் தயாராக வைத்திருப்பதைப் பல மெஷின்களில் இறக்குகிறார். நம் 63ஆம் பிரிவு உடந்தையாக இருப்பவரையும் சேர்த்தே தண்டிக்கிறது. பாதிக் கமிஷன் வாங்குபவர் உடந்தை இல்லை என்று என்னால் வாதாட முடியாது, சகோதரி.

கொட்டேஷனில் உள்ள கார்டு

இப்போது அந்த இரண்டாவது காரணம். கடைக்காரர் எழுதிக்கொடுத்திருக்கும் பாகங்களை வைத்து உங்களுக்கு வேண்டிய மேக் வராது.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வரிசை கிராபிக்ஸ் கார்டுகள் எதற்கும் மேக்ஓஎஸ்ஸில் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கிடையாது. அந்த நிறுவனம் மேக்குக்காகத் தனியாகக் கொடுத்துவந்த டிரைவர்கள் 2017இல் வந்த ஹை சியராவோடு நின்றுவிட்டன. பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருக்கிறதே என்றால், ஆப்பிள் இன்டெல்லில் கடைசியாக 10ஆம் தலைமுறை வரைதான் மேக் செய்தது. 14ஆம் தலைமுறையின் உள் கிராபிக்ஸை மேக்ஓஎஸ்ஸுக்குத் தெரியாது. திரையில் ஏதோ படம் வரும், ஆனால் கிராபிக்ஸ் வேகம் இருக்காது. ஃபைனல் கட் புரோவோ, மெட்டல் என்ற ஆப்பிளின் கிராபிக்ஸ் தொழில்நுட்ப வசதியுள்ள கிராபிக்ஸ் இல்லாமல் வேலை செய்யாது. உங்கள் தம்பி ரேடியான் ஆர்எக்ஸ் 580 கார்டும் 10ஆம் தலைமுறை ஐ5ம் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அவன் விஷயம் தெரிந்து வாங்கியிருக்கிறான். அவனை அழைத்துக்கொண்டு கடைக்குப் போய் இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் வராது.

சரியான பாகங்களைப் போட்டாலும் காலம் குறைவு. 2020இல் ஆப்பிள் தன் சொந்தச் சில்லுக்கு மாறத் தொடங்கியது, 2023 ஜூனில் மேக் ப்ரோவும் மாறியதோடு இன்டெல் மேக் விற்பனையே முடிந்தது. இன்டெல்லில் ஓடும் கடைசிப் பதிப்பு 2025இல் வந்த டஹோ என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. அதன் பிறகு சில வருடம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், அவ்வளவுதான். கடன் வாங்கித் தொழில் தொடங்குகிறவர், தவணை முடிவதற்குள் வழக்கொழிந்துபோகிற ஒன்றில் பணத்தைப் போடக்கூடாது.

முன்பணம்

‘திருப்பித் தரப்படாது’ என்று எழுதிவிட்டால் கேட்கவே முடியாது என்று நினைக்காதீர்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கும் பொருளை வணிக நோக்கம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கருதுவதில்லை. நீங்களும் நுகர்வோர்தான். ஒரு பயனுக்கு உதவாத பாகங்களை அந்தப் பயனுக்கு என்று சொல்லி விற்பது நியாயமற்ற வணிக நடைமுறை. உங்கள் கடிதத்தில் இதைத்தான் முன்னால் வைக்க வேண்டும். சட்டவிரோத நிறுவலைச் செய்துகொடு, இல்லாவிட்டால் நஷ்டஈடு கொடு என்று கேட்டால் வாதம் உங்கள் மேலேயே திரும்பும். சட்டத்துக்குப் புறம்பான நோக்கமுள்ள ஒப்பந்தம் செல்லாது என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. ஆனால் ஒப்பந்தம் செல்லாது என்று பின்னால் தெரியவந்தால் பெற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிற 65ஆம் பிரிவு உங்களுக்கு உதவும். இது கூடாது என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கவில்லை அல்லவா?

கொட்டேஷன் தேதி, கொடுத்த தொகை, குறிப்பிட்ட கார்டு மேக்ஓஎஸ்ஸில் வேலை செய்யாது என்ற விவரம், ஆர்டரை ரத்து செய்வதாக ஒரு வரி, 15 நாளில் பணத்தைத் திருப்பக் கோரிக்கை. இவ்வளவு போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதையே ஸ்பீட் போஸ்டில் பதிவு செய்தும் அனுப்புங்கள். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்காமல் நீங்களே இ-ஜாக்ரிதி தளத்தில் பதிவு செய்யலாம்.

தெரிந்த மனிதர் என்கிறீர்கள். சண்டையில்லாமல் முடிக்க ஒரு வழி இருக்கிறது. அதே பாகங்கள் விண்டோஸுக்கு அருமையானவை. சோனி, கேனான் கேமராக்கள் கொடுக்கும் 10 பிட் 4:2:2 எச்.265 வகை வீடியோ கோப்புகளை அந்த இன்டெல் பிராசஸரின் வன்பொருளே பிரித்துக்கொடுக்கும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் கை பழகிவிட்டு, தொழில் நிலைபெற்றதும் ஒருமுறை பணம் கட்டி ஸ்டுடியோ பதிப்பு வாங்கினால் அந்த வன்பொருள் வேகமும் முழுதாகக் கிடைக்கும். ஃபைனல் கட் டைம்லைனை எக்ஸ்எம்எல்லாக எடுத்து ரிசால்வில் திறக்கலாம், வெட்டுகள் வந்துவிடும், டைட்டிலும் எஃபெக்ட்டும் பெரும்பாலும் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். இந்த வழிக்குப் போனால் 6,000 ரூபாய் வரியை அடித்துவிட்டு, அசல் விண்டோஸ் உரிமத்தை பில்லில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். கிராக் செய்த விண்டோஸை வைத்துக்கொண்டால் மேலே சொன்ன 63பி அப்படியே பொருந்தும்.

ஃபைனல் கட்தான் வேண்டும், கை அதில்தான் ஓடுகிறது என்றால் மேக் மினியைப் பாருங்கள். எம்4 சில்லோடு 2024 இறுதியில் வந்தபோது ஆரம்ப விலை 59,900 ரூபாய், 16 ஜிபி நினைவகம். உங்கள் கொட்டேஷனில் ஏறக்குறையப் பாதி. உள்ளே 256 ஜிபி இடம்தான் என்பது குறை, ஃபுட்டேஜை வெளி எஸ்எஸ்டியில் வைத்து தண்டர்போல்ட் என்ற வேகமான இணைப்பில் சேர்த்து எடிட் செய்யலாம். புரோரெஸ் என்ற ஆப்பிளின் வீடியோ வடிவத்துக்கான தனி வன்பொருளும் அந்தச் சில்லில் உண்டு. பழையது வாங்குவதானால் எம்1 மலிவாகக் கிடைக்கும், ஆனால் அடிப்படை எம்1இல் இந்த வன்பொருள் இல்லை. விற்பவரின் ஆப்பிள் ஐடி நீங்கியிருக்கிறதா, ஏதாவது கம்பெனியின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் பதிவான மெஷினா என்று உங்கள் கண் முன்னால் புதிதாக ஆரம்பிக்கச் சொல்லிப் பார்த்தபிறகே பணம் கொடுங்கள். மேக்ஓஎஸ் தேவை என்றால் என் ஓட்டு இந்த மினிக்குத்தான்.

தம்பியைத் திட்டாதீர்கள். ஒரு மதர்போர்டின் ஒவ்வொரு போர்ட்டும் எப்படி அடையாளம் காணப்படுகிறது என்பதுவரை கற்றுக்கொள்ளாமல் யாரும் ஹாக்கிண்டாஷை ஓட வைக்க முடியாது. அந்த அறிவு அவனுக்கு வேலை வாங்கித் தரும். உரிமத்தை மீறியிருக்கிறான் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு விஷயத்தை மட்டும் கண்டித்துச் சொல்லுங்கள். அந்த மெஷின் தன்னை ஆப்பிள் மெஷின் என்று காட்டிக்கொள்ள உருவாக்கிய ஒரு சீரியல் எண்ணைப் பயன்படுத்துகிறது. அது யாரோ ஒருவரின் உண்மையான மேக்கின் எண்ணாக இருந்துவிட்டால் கணக்கு முடங்கலாம். அதனால் உங்கள் தொழில் ஆப்பிள் ஐடியை அதில் போடவே கூடாது. இரண்டாவது, அந்த மெஷினை எப்போதாவது விற்பதானால் டிஸ்கை முழுக்க அழித்துவிட்டு, வெறும் வன்பொருளாக மட்டும் விற்க வேண்டும்.